கராஜ் பட்டியலில் எது அவசியம்?

ஓட்டோ, வேன் வைத்திருக்கும் தோட்டத்து உறவுகளே! லீசிங் கட்டுகிற மாதத்தில்தான் கராஜ்காரரும் நீளமாகப் பட்டியல் தருவார். சரி என்று சொல்லுமுன் யாழ்ப்பாணத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

1990இல் போர் மறுபடி மூண்டு, பொருளாதாரத் தடை வந்ததும் குடாநாட்டில் பெற்றோல் அரிதானது. ஒஸ்டின் ஏ-40, மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். உதிரிப்பாகமும் லேசில் கிடைக்காது. பிளக்கில் கரி பிடித்தால் சுரண்டித் திரும்பப் போடலாம். ஒயில் அப்படியல்ல. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். மாற்றாமல் விட்டால் பேரிங் தேய்ந்து எஞ்சினே போய்விடும். எது பொறுக்கும், எது பொறுக்காது என்பதுதான் கேள்வி.

நமக்கும் அதே கேள்விதான். பிரேக், ஸ்டியரிங், டயர் பழுதென்றால் கடன்பட்டாவது செய்யுங்க. நம்ம ரோட்டெல்லாம் இறக்கம். மற்றதுக்கு, "எங்கே பழுது, காட்டுங்க" என்று கேளுங்க. பிரேக் லைனிங் தேய்ந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம். "எஞ்சினை உள்ளே கழுவணும்" என்றால், அத்தனை கிலோமீற்றரில் அது தேவையா என்று வாகனத்தோடு வந்த புத்தகத்தில் பாருங்க. ஆங்கிலமென்றால் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்க. கழற்றிய பழைய சாமானையும் மறக்காமல் கேட்டு வாங்குங்க.