பின்னக் கணக்கும் வீட்டு வழக்கும்



முழு எண்களைத் தடையின்றிக் கூட்டும் மாணவர் பலர், பின்னம் என்றவுடன் தயங்கி நிற்பதை நாம் காண்கிறோம். 'அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு?' என்று வாயால் கேட்டால், 'முக்கால்' என உடனே விடை பகர்வர். அதனையே 1/2 + 1/4 என்று கரும்பலகையில் எழுதினாலோ, மேலுள்ள எண்களையும் கீழுள்ள எண்களையும் தனித்தனியே கூட்டி, 2/6 என்று எழுதிவிடுவர். 2/6 என்பது 1/3 ஆகும். அஃது அரையைவிடச் சிறியது. அரையோடு கால் சேர்ந்த பின்னர் அரையினும் குறையுமோ? விடை எழுதியதும் இவ்வாறு வினவிப் பார்த்தல் நன்று.

கூட்டலும் கழித்தலும்

பின்னத்தின் கீழுள்ள எண் பகுதி. மேலுள்ள எண் தொகுதி. ஒரு முழுப்பொருளை எத்தனை சமபங்காக்கினோம் என்பதைப் பகுதி கூறும். அவற்றுள் எத்தனை பங்கை எடுத்தோம் என்பதைத் தொகுதி கூறும். பங்குகள் ஒரே அளவாய் இருந்தால்தான் அவற்றை எண்ணிக் கூட்டவோ கழிக்கவோ இயலும்.

கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தில் 12 கட்டங்களை ஒரே வரிசையில் அடையாளமிடுங்கள். அவ்வரிசையே ஒரு முழுமை. அதில் பாதி 6 கட்டம். மூன்றில் ஒரு பங்கு 4 கட்டம். ஆகவே 1/2 + 1/3 என்பது 6/12 + 4/12 = 10/12. சுருக்கினால் 5/6. கழித்தால் 6/12 − 4/12 = 2/12, அதாவது 1/6. இரண்டு மூன்று முறை கட்டம் வரைந்து பழகியபின், படம் இல்லாமலே பொதுப் பகுதியைக் காண வரும்.

பெருக்கல்

நம் முன்னோர் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் இட்டிருந்தனர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை எண்சுவடியில் மனனம் செய்தனர். 'அரைக்கால்' என்னும் சொல்லை நோக்குங்கள். காலில் அரை என்பதே அதன் பொருள். 1/2 × 1/4 = 1/8. தொகுதியைத் தொகுதியாலும், பகுதியைப் பகுதியாலும் பெருக்க வேண்டும் என்னும் விதி அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. அரைக்காலில் பாதி வீசம், அது 1/16. 'மா' என்பது 1/20. ஒரு வெள்ளிக்கு 100 காசு என்பதால், 5 காசு நாணயம் ஒரு வெள்ளியில் ஒரு மா ஆகும்.

வகுத்தல்

முக்கால் கிலோ சீனியை அரைக்கால் கிலோப் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை பொட்டலம் வரும்? 3/4 ÷ 1/8 = 3/4 × 8/1 = 24/4 = 6. நிறுத்தும் சரிபார்க்கலாம்: 750 கிராமில் 125 கிராம் ஆறு முறை அடங்கும். வகுத்த பின் விடை பெரிதானது ஏன் என்று அஞ்ச வேண்டா. சிறு பங்குகளாகப் பிரித்தால் எண்ணிக்கை மிகுவது இயல்பே.

பெற்றோர்க்கு ஒரு சொல்

'எமக்குப் படிப்பில்லையே, பிள்ளைக்கு எவ்வாறு கணக்குச் சொல்லித்தருவது?' என்று தோட்டத்தில் உழைக்கும் பெற்றோர் சிலர் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் வேண்டியதில்லை. அரைப்படி அரிசிக்குக் கால்படி உளுந்து என அளந்து போடும் தாய், அப்பொழுதே பின்னக் கணக்குச் செய்கின்றார். ஒரு தோசையை நால்வருக்குப் பங்கிடும்பொழுது, 'உன் பங்கு எவ்வளவு? தம்பியின் பங்கையும் சேர்த்தால் எவ்வளவு?' என்று கேளுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் போதும். பிள்ளை சொன்ன விடையைப் புத்தகத்தில் எண்ணாக எழுதச் செய்யுங்கள்.

பயிற்சி

1. 1/2 + 1/8
2. 3/4 − 1/3
3. 1/2 × 3/4
4. அரையில் எத்தனை வீசம் அடங்கும்?
5. ஒரு மா 1/20. ஒரு காணி 1/80. இரண்டையும் கூட்டினால் வருவது யாது? அதன் தமிழ்ப் பெயர் என்ன?

விடைகள்: 1) 5/8 2) 5/12 3) 3/8 4) 8 5) 1/16; மாகாணி. வீசத்திற்கு அது மற்றொரு பெயர்.

விடையைப் பார்க்குமுன் கட்டம் வரைந்து செய்து பாருங்கள். ஐந்தும் சரியாக வந்தால், இவை போன்ற ஐந்து கணக்குகளை நீங்களே அமைத்து, உங்கள் வகுப்புத் தோழரிடம் கொடுங்கள்.