காயற்கரையில் ஓர் ஓட்டு வீடு

நுழையும்முன்

ஊர்விட்டு ஊர் செல்வோர்க்கு இரவில் தங்க ஓர் இடம் வேண்டும். பணம் கொடுத்தால் அறை கிடைக்கும். ஆயினும் அறை கிடைப்பது வேறு. வீடு கிடைப்பது வேறு. கேரளத்தின் கொச்சி நகரில், மட்டாஞ்சேரிப் பகுதியிலுள்ள பழைய ஓட்டு வீடுகள் சில, வருவோரை வீட்டாரோடு தங்கவைக்கின்றன. அவ்வீடுகளைப் பற்றியும் அவற்றைச் சுற்றி வாழும் மக்களைப் பற்றியும் இப்பாடம் கூறுகிறது.

வீடே விடுதி

கொச்சி ஒரே நிலப்பரப்பில் அமைந்த நகரன்று. காயலும் கால்வாய்களும் தீவுகளும் அதனைப் பல கூறுகளாகப் பிரிக்கின்றன. கிழக்கே எறணாகுளம், மேற்கே அரபிக் கடலைத் தொட்டு நிற்கும் கோட்டைக் கொச்சி, அதனை ஒட்டிக் காயலை நோக்கியிருப்பது மட்டாஞ்சேரி. இடையில் உள்ளது வில்லிங்டன் தீவு. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தீவு விரிவாக்கப்பட்டது. இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் அப்பணியை நடத்தினார்.

வடநாட்டு நகரம் ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம், விடுமுறைக்கு மட்டாஞ்சேரி வருவதாகக் கொள்க. தாய், தந்தை, பாட்டி, இரு பிள்ளைகள். அவர்கள் தங்கும் இடத்தில் பெரிய பெயர்ப்பலகை இல்லை. வரவேற்புக் கூடமும் இல்லை. மரக்கதவைத் தட்டினால் வீட்டுக்கார அம்மையார் வந்து திறக்கிறார். முன்பகுதியில் அவர் குடும்பம் வாழ்கிறது. முற்றத்தைக் கடந்தால் விருந்தினர் அறைகள். இத்தகைய இல்ல விடுதியை மக்கள் ‘ஹோம்ஸ்டே’ என்றே அழைக்கின்றனர். சுற்றுலாத் துறையின் தரச்சான்று பெறும் இல்ல விடுதியில் வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேல் இருத்தல் கூடாது. அறைகள் பெருகினால் அது விடுதியாகுமேயன்றி வீடாகாது என்பதே இவ்வரம்பின் கருத்து.

ஓடும் கல்லும்

அவ்வீட்டின் சுவர் இரண்டு சாண் அகலம் இருப்பது கண்டு பிள்ளைகள் வியக்கின்றனர். அச்சுவர் செங்கல்லால் ஆனதன்று. செம்மண் நிறமுடைய ஒருவகைக் கல்லால் ஆனது. மலையாளத்தில் அதனை வெட்டுக்கல் என்பர். நிலத்தடியில் ஈரத்தோடு இருக்கும்போது அது மென்மையானது. கோடரியால் வெட்டி எடுக்கலாம். காற்றிலும் வெயிலிலும் கிடந்தால் அது இறுகி வலிமை பெறும். பிரான்சிசு புக்கானன் என்பவர் கேரளத்து அங்காடிப்புறத்தில் இக்கல்லைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 1807இல் ‘லேட்டரைட்’ எனப் பெயரிட்டார். இன்று உலகெங்கும் நிலவியலார் வழங்கும் அப்பெயர், கேரள மண்ணில் பிறந்ததாகும்.

கூரையில் வேயப்பட்டவை மங்களூர் ஓடுகள். பாசல் மிசன் அமைப்பினர் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், இவ்வோடுகள் மேற்குக் கடற்கரையெங்கும் பரவின. ஓர் ஓட்டின் விளிம்பு மற்றோர் ஓட்டின் வரிப்பள்ளத்தில் பொருந்திக்கொள்ளும். ஆதலால் காற்று அவற்றை எளிதில் பெயர்க்காது. கொச்சியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. கூரை சரிவாக இருப்பதால் மழைநீர் தேங்காமல் வழிந்தோடும். ஓடுகளுக்கு இடையேயுள்ள சிறு இடுக்குகள் வழியாக வெப்பக் காற்று மேலேறி வெளியேறும். எனவே, நண்பகலிலும் அறை குளிர்ச்சியாகவே இருக்கும். ‘குளிரூட்டி எங்கே?’ என்று தேடிய பிள்ளைகள், சற்று நேரத்தில் அதனை மறந்துவிடுகின்றனர்.

வெள்ளமும் தண்ணீரும்

பயணக் களைப்போடு அமர்ந்தவர்களிடம் வீட்டுக்கார அம்மையார், “வெள்ளம் வேணோ?” என்று கேட்கிறார். இளைய பிள்ளை திடுக்கிட்டு வாயிலைப் பார்க்கிறாள். பாட்டி சிரிக்கிறார். தமிழில் வெள்ளம் என்பது பெருகிவரும் நீர். மலையாளத்தில் அது குடிநீருக்கும் பெயர். சற்று நேரத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் வெதுவெதுப்பான நீர் வருகிறது. பதிமுகம் என்னும் மரத்தின் சீவல்களை இட்டுக் காய்ச்சிய நீர் அது. கேரள இல்லங்களில் இது நாள்தோறும் அருந்தப்படுகிறது.

அன்று மாலைக்குள் பிள்ளைகள் ஓர் உண்மையைக் கண்டுகொள்கின்றனர். தமிழின் மழை மலையாளத்தில் ‘மழ’, தலை ‘தல’, வலை ‘வல’. சொல்லின் ஈற்றிலுள்ள ஐகாரம் அகரமாகிறது. இதனை அறிந்தபின் வீட்டாரின் பேச்சு பாதி புரிகிறது. மறுநாட் காலையில் புட்டும் கடலைக்கறியும் பரிமாறியபோது, பாட்டியும் வீட்டுக்கார அம்மையாரும் தத்தம் மொழியிலேயே பேசிக்கொள்கின்றனர். எவரும் மொழிபெயர்க்கவில்லை.

வந்தோர் வாழ்ந்த தெரு

மட்டாஞ்சேரியின் வரலாறு வந்தவர்களின் வரலாறு. கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றின் முகத்துவாரத்தில் முசிறி என்னும் துறைமுகம் பண்டு சிறந்திருந்தது. யவனரின் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் அப்பகுதியின் துறைமுகம் தூர்ந்து, கொச்சியின் முகத்துவாரம் ஆழமாயிற்று என்பர். வணிகம் தெற்கே நகர்ந்தது, மக்களும் நகர்ந்தனர்.

போர்ச்சுக்கீசியர் 1500இல் கொச்சி வந்தனர். 1663இல் டச்சுக்காரர் அவர்களை வென்றனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். மட்டாஞ்சேரி அரண்மனையை ஏறத்தாழ 1555இல் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தனர். பின்னர் டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டமையால் அது டச்சு அரண்மனை எனப்படுகிறது. அதன் சுவர்களில் இராமாயண ஓவியங்கள் உள்ளன. அரண்மனைக்கு அருகிலேயே 1568இல் யூதர்கள் தம் வழிபாட்டிடத்தைக் கட்டினர். கொங்கணியரும் குசராத்தியரும் கச்சு நாட்டு வணிகரும் இங்கேயே குடியேறினர். ஒரு மன்னரின் ஆட்சிப்பரப்பில் பல மொழியினரும் பல சமயத்தினரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர்.

கோட்டைக் கொச்சிக்குத் தமிழகத்தோடு மற்றொரு தொடர்பும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோதுதான் அது பிரிந்தது. மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் நாட்டில் இருந்தது. 1967இல் கொச்சி மாநகராட்சி தோன்றியபோது இவ்விரு பகுதிகளும் ஒரே நகரத்தின் பகுதிகளாயின.

வெளியில் காயும் வெண்துணிகள்

விருந்தினர் அறையில் கட்டிலின்மேல் வெள்ளை விரிப்பு ஒன்று மடிப்புக் கலையாமல் விரிக்கப்பட்டுள்ளது. ‘இதனை வெளுத்தவர் யார்?’ என்று மூத்த பிள்ளை கேட்கிறான். வீட்டுக்கார அம்மையார், “உங்கள் ஊர்க்காரர்கள்தாம்” என்கிறார்.

கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் இடத்தில் ஒரு சலவைத்துறை உள்ளது. மக்கள் அதனைத் தோபிகானா என்பர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட சலவைத் தொழிலாளரின் வழிவந்தோர் இங்கு வாழ்கின்றனர். படைகள் போயின, ஆட்சிகள் மாறின, அவர்கள் மட்டும் போகவில்லை. முன்னர்க் குளங்களின் கரையில் துவைத்தவர்களுக்கு, 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் துவைக்கும் தொட்டிகளும் கற்களும் கொண்ட துறையைக் கட்டித்தந்தது. வண்ணார் சங்கம் அதனைப் பேணிவருகிறது.

இங்குக் கஞ்சி போடுவதற்கு அரிசி வடித்த நீரைப் பயன்படுத்துகின்றனர். துணி உலர்த்தும் கொடியில் கவ்விகள் இல்லை. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடையில் துணியின் நுனியைச் செருகிவிடுகின்றனர். கடற்காற்று எவ்வளவு வீசினாலும் துணி பறப்பதில்லை. இவர்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கின்றன.

ஆயினும் இத்துறையில் உழைப்போரின் தொகை குறைந்து வருகிறது. வீடுதோறும் சலவைப் பொறி வந்துவிட்டது. இளையோர் பலர் வேறு பணிகளை நாடுகின்றனர். அவர்கள் படித்து உயர்வது நன்றே. வெயிலில் நாள் முழுதும் நின்று உழைப்பவர், தம் பிள்ளைக்கும் அதே வெயிலை விரும்புவதில்லை. ஆனால், தலைமுறை பலவாகக் காத்துவந்த கைத்திறனும் அத்துறையில் ஒலிக்கும் தமிழும் அவர்களோடு முடிந்துவிடுமோ என்னும் வினா எஞ்சியே நிற்கிறது.

விளக்கு எரியும் வீடு

யூதர் தெருவிலும் இத்தகைய வினா ஒன்று நிற்கிறது. 1948இல் இசுரேல் நாடு தோன்றியபின், கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். வழிபாட்டிடம் உள்ளது, அதன் தளத்தில் கையால் ஓவியம் தீட்டிய நீல நிறச் சீன ஓடுகள் உள்ளன, 1760இல் எழுந்த மணிக்கூண்டும் உள்ளது. தெருவின் வீடுகளோ பெரும்பாலும் கடைகளாகிவிட்டன. பகலெல்லாம் கூட்டம், கடைகளை மூடியபின் தெருவில் அமைதி.

ஒரு பழைய வீடு விடுதியாவதால் நன்மை உண்டு. வாடகைப் பணத்தால் கூரை செப்பனிடப்படும். இடிக்கப்படவிருந்த சுவர் நிலைக்கும். ஆனால், வீட்டார் வெளியேறி எல்லா அறைகளையும் வாடகைக்கு விட்டுவிட்டால், சுவர் இருக்கும்; வீடு இராது. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாய் வருவோர் விருந்தினர் எனப்பட்டனர். அவர்களை ஏற்கும் பழையோர் ஒருவர் உள்ளே இருந்தால்தான் வருவோர் விருந்தினராவர். இல்லையேல் அவர்கள் வாடிக்கையாளரே.

புறப்படும் நாளன்று பாட்டி, வீட்டுக்கார அம்மையாரின் கைகளைப் பற்றிக்கொண்டு, “போயிட்டு வரேன்” என்கிறார். போகும்போதும் வருவதைப் பற்றியே சொல்லுவது தமிழர் வழக்கம். அம்மையாருக்கு அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. “வரணும்” என்று சொல்லிக் கதவருகிலேயே நிற்கிறார். படகுத்துறைக்குச் செல்லும் வழியில் மூத்த பிள்ளை திரும்பிப் பார்க்கிறான். மேகம் மூடிய காலை நேரம். அந்த வீட்டின் முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

சொல்லும் பொருளும்

காயல் – கடலோடு இணைந்த உப்பங்கழி
முகத்துவாரம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
கலம் – கப்பல்
யவனர் – கிரேக்கர், உரோமர் முதலிய மேலைநாட்டார்
தூர்ந்து – மண் நிரம்பி ஆழம் குறைந்து
கொடி – துணி உலர்த்தும் கயிறு
பேணுதல் – காத்தல்

அறிந்துகொள்க

கடல் + கரை = கடற்கரை; காயல் + கரை = காயற்கரை. நிலைமொழி ஈற்றிலுள்ள லகர மெய், வருமொழி முதலில் ககரம் வரும்போது றகர மெய்யாகத் திரிந்தது.

ஓடு + வீடு = ஓட்டு வீடு. ஆறு + நீர் = ஆற்று நீர். ஈற்றிலுள்ள டு, று என்பவற்றின் ஒற்று இரட்டித்தது.

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. மட்டாஞ்சேரியில் யூதர்களின் வழிபாட்டிடம் கட்டப்பட்ட ஆண்டு ------------.
(1341 / 1568 / 1663)
2. வெட்டுக்கல் வலிமை பெறுவது ------------ கிடக்கும்போது.
(நீரில் / நிலத்தடியில் / காற்றிலும் வெயிலிலும்)
3. விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் ------------.
(உணவு / புதுமை / உறவு)

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இளைய பிள்ளை திடுக்கிட்டது ஏன்?
2. ஓட்டு வீட்டின் அறை நண்பகலிலும் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் யாது?
3. வெளியில் உள்ள சலவைத்துறையில் கவ்வி இல்லாமல் துணி உலர்த்துவது எங்ஙனம்?

இ) ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. ‘மட்டாஞ்சேரியின் வரலாறு வந்தவர்களின் வரலாறு’ – விளக்குக.
2. ‘சுவர் இருக்கும், வீடு இராது’ – இத்தொடரின் கருத்தை நும் சொற்களில் எழுதுக.
3. சலவைத் தொழிலாளரின் பிள்ளைகள் வேறு பணிக்குச் செல்வது குறித்து நும் கருத்து யாது? காரணம் காட்டுக.

ஈ) மலையாளச் சொற்களுக்கு உரிய தமிழ்ச் சொற்களை எழுதுக.
மல, மழ, வல, கத, வில

உ) பிரித்து எழுதுக.
பொற்காசு, வீட்டுக்காரர், கடற்காற்று, ஆற்றங்கரை

ஊ) செயல்பாடு
நும் பாட்டி, தாத்தா அல்லது பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் முதன்முதலில் ஊர்விட்டு வந்தபோது தங்கிய வீட்டைப் பற்றி எழுதுக. அங்கு அவர்களை வரவேற்றவர் யார், அவர் பேசிய மொழி எது, அவர் முதலில் கொடுத்த உணவு யாது என்பனவற்றையும் சேர்த்து எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.