உப்புத் தண்ணீரைக் கீழே வையுங்கள்

வீட்டில் யாராவது எதையாவது தவறிக் குடித்துவிட்டால், ஹைதராபாத்திலும் சரி, நம்மூரிலும் சரி, முதலில் ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் வந்துவிடும். பதறிய கை செய்யும் இந்தக் காரியம், சில சமயம் குடித்த விஷத்தைவிடக் கெடுதல்.

நம்பிக்கை: வாந்தி எடுக்க வைத்தால் விஷம் போய்விடும்.
உண்மை: மண்ணெண்ணெய் குடித்த குழந்தை வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிப் புண்ணாக்கும். கழிவறை ஆசிட், போகும்போது பொசுக்கிய உணவுக்குழாயைத் திரும்பி வரும்போதும் பொசுக்கும். உப்புக் கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி உயிரையே எடுத்ததுண்டு. வாயைத் துடைத்துவிடுங்கள். மயங்கியிருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள்.

நம்பிக்கை: குடித்தால்தான் விஷம்.
உண்மை: வரங்கல் பக்கம் பருத்திக்கு மருந்தடிப்பவரின் நனைந்த சட்டை வழியாகவே பூச்சிமருந்து உடம்பில் ஏறும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சில் சளி கரகரக்கும். உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். கழுவுபவர் கையுறை போடட்டும். மாற்று மருந்தான அட்ரோபின் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. தாமதிக்காதீர்கள்.

நம்பிக்கை: கண்ணில் சுண்ணாம்பு பட்டால் நெய் விட வேண்டும்.
உண்மை: இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். பான் பழக்கம் ஊறிய ஹைதராபாத் நகரில் சுண்ணாம்புப் பொட்டலம் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது. பிள்ளை அதை அழுத்துகிறது, பொட்டலம் வெடித்து நேரே கண்ணில் பீச்சுகிறது. சுண்ணாம்பு காரம், கருவிழிக்குள் ஊடுருவிக்கொண்டே போகும். பஞ்சாரா ஹில்ஸ் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் இப்படி வரும் குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அங்கே ஸ்டெம் செல் ஒட்டுச் சிகிச்சையும் உண்டு. ஆனாலும் பார்வையைக் காப்பது பெரும்பாலும் வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான். இமையை விரித்துப் பிடித்து அரைமணி நேரம் விடாமல் கழுவுங்கள். குழந்தை அழட்டும், நிறுத்தாதீர்கள்.

நம்பிக்கை: கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது.
உண்மை: கருமை ஓரளவு காக்கும், அவ்வளவே. தோல் சிவந்து, கொப்புளித்து, காய்ச்சலும் வாந்தியும் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். பற்பசை, ஐஸ் கட்டி வேண்டாம். குளிர்ந்த ஈரத்துணி போதும், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பேச்சு குழறி உடம்பு அனலாய்க் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. பாராசிட்டமால் அதைத் தணிக்காது. நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 2015 மே வெப்ப அலையில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

108 ஆம்புலன்ஸ் சேவை பிறந்ததே ஹைதராபாத்தில்தான், 2005 ஆகஸ்ட் 15 அன்று. உடனே கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் எண் 1800 116 117. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, குடித்த பாட்டிலை லேபிளோடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.