தோல்விக்குப் பின் ஓர் உணவுவேளை

1979 ஆகஸ்டு 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த எஸ்.எல்.வி-3 ஏவூர்தி, 317 நொடிகளில் வங்கக்கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம் உடலும் உள்ளமும் சோர்ந்து அறைக்குச் சென்று உறங்கிப்போனார். மாலை நெருங்கும் வேளையில் தோளில் ஒரு கை பட்டது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர் பிரம்ம பிரகாஷ் அருகில் அமர்ந்திருந்தார். அவர் விளக்கம் கேட்கவில்லை, உண்ண அழைத்தார். தலைவருக்கும் பசிக்கும் என்பதைப் பணியிடங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன!

நைட்ரிக் அமிலக் கசிவால் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாடு செயலிழந்ததை ஆய்வு காட்டியது. ஆய்வுக் கூட்டத்தில் கலாம் தாமே எழுந்து பொறுப்பேற்றார். ஆயினும் தலைமை அவரிடமே இருந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்த ஏவூர்தி ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. முந்தைய ஆண்டு தோல்வியைத் தாம் ஏற்றுச் செய்தியாளரிடம் பேசிய சதீஷ் தவான், இம்முறை கலாமைப் பேசச் சொன்னார்.