உணவின் சத்தை வீணாக்காதீர்

நாம் உண்ணும் ஆகாரம் ஹலாலாக இருந்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். திருமறையோ ஹலாலோடு ‘தய்யிப்’ என்னும் சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. தூயது, நல்லது, பயன் தருவது என்றெல்லாம் அதற்குப் பொருளுண்டு. நோன்பு நோற்கவும், நின்று தொழவும், உழைத்துக் குடும்பத்தைக் காக்கவும் பலமுள்ள உடல் வேண்டும். அவ்வுடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஆகவே உணவிலுள்ள சத்துக்களை அறிந்து பேணுவதும் நம் பொறுப்பேயாகும்.

சத்துக்கள் யாவை?

உடலுக்கு வேண்டிய சத்துக்களை ஆறாகப் பிரிக்கலாம். மாவுச்சத்தும் கொழுப்பும் உழைக்கும் சக்தியைத் தருகின்றன. புரதம் தசையை வளர்த்து, தேய்ந்ததைப் புதுப்பிக்கிறது. தாது உப்புக்களில் சுண்ணாம்புச்சத்து எலும்புக்கும் பல்லுக்கும் உரியது. இரும்புச்சத்து இரத்தத்துக்கு உரியது. தண்ணீர் இவை யாவற்றையும் உடலெங்கும் கொண்டு செல்கிறது. ஆறாவது, வைட்டமின்கள். இவை மிகச் சொற்பமாகவே தேவை. ஆனால் அந்தச் சொற்பமும் கிடைக்காவிட்டால், வயிறு நிறைய உண்டும் உடல் நலிந்து போகும். இந்த உண்மையை உலகத்துக்குக் கற்பித்தது நாம் அன்றாடம் உண்ணும் அரிசிதான்!

இரண்டு அரிசிகள்

திருத்தணி எல்லையோர ஊர். 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அதனோடு சென்று, 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் மீண்டும் நம் மாநிலத்தில் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அதன் கடைத்தெருவில் புழுங்கலரிசி மூட்டையும் பச்சரிசி மூட்டையும் அருகருகே நிற்கும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு காலத்தில் உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள வேறுபாடாக இருந்தது.

அன்றைய சென்னை மாகாணத்தில் வட சர்க்கார் எனப்பட்ட விசாகப்பட்டினம், கோதாவரி, கிருஷ்ணா, குண்டூர் பகுதிகளில் ‘பெரி-பெரி’ என்னும் நோய் நிலைத்திருந்தது. கால்கள் மரத்து வலுவிழக்கும், உடல் வீங்கும், இறுதியில் இருதயம் சோர்ந்து நிற்கும். சத்துக் குறைந்த தாயின் பாலை மட்டுமே குடித்த கைக்குழந்தைகளும் மாண்டன. அங்கே மக்கள் உண்டது இயந்திரத்தில் நன்கு தீட்டிய பச்சரிசி. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளிலோ இந்நோய் அரிதாகவே இருந்தது.

மலேயாவிலும் இதே காட்சி. வெள்ளைவெளேரென்ற சயாம் அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரி-பெரிக்கு இரையானார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பிராடன் என்ற மருத்துவர் இதனை 1907-இல் நூலாகவே எழுதினார். அதற்கு முன்பே, 1890-ஆம் ஆண்டு வாக்கில், ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தீட்டாத அரிசியைக் கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1918-இல் நீலகிரியின் குன்னூரில் மக்கரிசன் என்பவர் பெரி-பெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

காரணம் என்ன? அரிசியின் மேலுள்ள தவிட்டிலும் முளையிலும் தயாமின் என்னும் வைட்டமின் இருக்கிறது. மாவுச்சத்தைச் சக்தியாக மாற்ற அது இன்றியமையாதது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் போதும். ஆனால் உடல் அதைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. பச்சரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, அது நீரில் கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி உள்ளேயே தங்குகிறது. நெல் அவித்த நம் பாட்டிமார்கள் வைட்டமின் என்ற பெயரை அறியமாட்டார்கள். அதன் பலனை அறிந்திருந்தார்கள்.

வீண்விரயம் எது?

உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், கூடவே வீண்விரயத்தையும் தடுத்திருக்கிறான். விருந்தில் மீந்த சோற்றைக் கொட்டுவது மட்டும் வீண்விரயமன்று. அரிசியை ஐந்தாறு முறை கசக்கிக் களைந்து, நிறைய நீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றுகிறோமே, எஞ்சிய தயாமினில் கணிசமான பங்கு அதோடு போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய சத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் கொட்டுகிறோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவக் காலம் முழுவதிலும் சலித்த மாவைக் கண்டதில்லை என்றும், வாற்கோதுமையை அரைத்து உமியை ஊதிவிட்டு மீந்ததை உண்டார்கள் என்றும் ஸஹ்லு (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரீயில் உள்ளது. இது அவர்களுடைய எளிய வாழ்வைக் காட்டும் செய்தி. வைத்தியக் குறிப்பாகச் சொல்லப்பட்டதன்று. ஆயினும், வெண்மையே உயர்வு என்று கருதும் நம் மோகத்துக்கு அதில் பதில் இருக்கிறது.

தாய்மாரின் தட்டு

இன்று பெரி-பெரி அரிதாகிவிட்டது, இரத்தச்சோகை அகலவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை இருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று நம் வீட்டிலேயே நடக்கிறது. கறியும் ஈரலும் ஆண்களின் தட்டுக்குப் போகின்றன. எல்லோரும் உண்டபின் மிஞ்சிய சோறும் குழம்பும் தாயின் தட்டுக்கு வருகின்றன. மனைவியின் உணவு கணவன் மீதுள்ள கடமை என்று ஃபிக்ஹு கூறுகிறது. சோற்றுப் பானையைக் காட்டி அக்கடமை தீர்ந்தது எனலாமா? மாதவிலக்கும் பிரசவமும் காணும் உடலுக்கு ஆணைவிட அதிக இரும்புச்சத்து வேண்டும் என்பதைச் சிந்தியுங்கள்.

செய்ய வேண்டியவை

புழுங்கலரிசியையோ குறைவாகத் தீட்டிய அரிசியையோ வாங்குங்கள். அழுக்குப் போகும் அளவுக்கு மட்டும் களையுங்கள். அளவான நீர் வைத்து, வடிக்காமல் பொங்குங்கள். வடித்தாலும் கஞ்சியை ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடுங்கள். (சர்க்கரை நோயுள்ளவர்கள் தம் மருத்துவர் சொன்ன முறையில் நிற்கட்டும்.) பருப்பு, கீரை, முட்டை இவற்றில் ஒன்றேனும் தினமும் இருக்கட்டும். வாரத்தில் சில நாள் கம்பும் கேழ்வரகும் இடம் பெறட்டும்; கம்பில் இரும்பும் கேழ்வரகில் சுண்ணாம்பும் மிகுதி. உணவோடு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் கீரையிலுள்ள இரும்பு நன்கு உடலில் சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும். ஒருமணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம்.

நம் நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். அரிசி நொய்யோடு பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, சிறிது கறி எல்லாம் ஒரே பானையில் வேகின்றன. ஒரு சொட்டும் வடிப்பதில்லை. அரிசியில் குறைந்த புரதத்தைப் பருப்பு நிறைவு செய்கிறது. செல்வரும் ஏழையும் ஒரே அண்டாவிலிருந்து பெறும் சத்துணவு அது! அந்த ஒழுங்கை ரமளானோடு நிறுத்திவிடாமல், மற்றப் பதினொரு மாதங்களிலும் நம் அடுப்பில் கடைப்பிடிப்போமாக.

ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்டு, வீண்விரயம் தவிர்த்து, பெற்ற பலத்தை நல்லமல்களில் செலவிட வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.