200 வந்தால் பில் ஏறிவிட்டதா?

ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள், ஏற்றுமதி பில் உட்பட, இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் விதி. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகள் பலவற்றில் இதை மென்பொருளே ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) வழியாக ஜிஎஸ்டி போர்ட்டலுக்கு அனுப்பிவிடும். பதிலாக வரும் 200, 504 போன்ற எண்களைச் சுற்றித்தான் அக்கவுண்ட்ஸ் அறையில் இத்தனை நம்பிக்கைகள்.

நம்பிக்கை: 200 வந்துவிட்டது, லாரியை அனுப்பலாம்.

உண்மை: 200 என்றால் கேட்ட வேலை முடிந்தது என்பதே இணைய விதி. ஆனால் எல்லா ஏபிஐயும் அப்படி நடந்துகொள்வதில்லை. இ-இன்வாய்ஸ் பதிலுக்குள் ஸ்டேட்டஸ் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 1 இருந்தால்தான் பில் பதிவானது; 0 என்றால் நிராகரிப்பு. வெளியே 200, உள்ளே 0 என்று வருவதுண்டு. உறையைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைப் படிக்காமல் விட்ட கதைதான்.

நம்பிக்கை: 2150 வந்தால் பில் எண்ணை மாற்றி அனுப்பினால் சரியாகிவிடும்.

உண்மை: இதைப் போல ஆபத்தான யோசனை வேறில்லை. 2150 என்பது இணையத்தின் எண்ணே அல்ல, ஜிஎஸ்டி போர்ட்டலின் சொந்த எண். இந்த பில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று அர்த்தம். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகிய நான்கிலிருந்துதான் பில்லின் அடையாள எண்ணான 64 எழுத்து ஐஆர்என் உருவாகிறது. தொகைக்கும் வாங்குபவருக்கும் அதில் இடமில்லை. விலையைத் திருத்தி அதே எண்ணில் அனுப்பினாலும் 2150தான்.

பெரும்பாலும் இந்த 2150 சிக்கல் தொடங்குவது 504-இல். நடுவிலிருந்த சர்வர் காத்திருந்து ஓய்ந்துவிட்டது என்பதுதான் 504. அந்தப் பக்கம் வேலை முடிந்ததா என்று அது சொல்லாது. மறுபடி அனுப்புகிறோம், 2150 வருகிறது. பழைய ஐஆர்என் அந்தப் பதிலிலேயே கிடைக்கும், எடுத்துக்கொண்டால் போதும். பதறிப்போய் பில் எண் 118-ஐ 118ஏ ஆக்கினால் ஒரே சரக்குக்கு இரண்டு பில். ரத்து செய்ய 24 மணி நேரம்தான். ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

நம்பிக்கை: எரர் வந்தாலே சர்வர் கோளாறு.

உண்மை: ஜாப் ஒர்க் டேனரிக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தோலில் ஓட்டை விழுந்தால் முதல் கேள்வி, வரும்போதே கத்தி பட்டதா, நம் டிரம்மில் கெட்டதா என்பதுதானே? இணைய எண்களிலும் அப்படித்தான்: 4-இல் தொடங்கும் எண் அனுப்பியவர் பக்கத் தவறு. திருத்தாமல் நூறு முறை அனுப்பினாலும் அதே பதில். 5-இல் தொடங்கினால் வாங்கிய பக்கத்துக் கோளாறு. 401 வந்தால் நுழைவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 403 என்றால் ஆளைத் தெரியும், அனுமதிதான் இல்லை.



4 வரிசையில் 429 மட்டும் வேறு ரகம். பில்லில் பிழை இல்லை, அனுப்பும் வேகம்தான் அதிகம். மாதக் கடைசியில் தேங்கிய பில்களை ஒரே மூச்சில் தள்ளும்போது வரும். பதிலில் ரிட்ரை-ஆஃப்டர் என்று இத்தனை நொடி குறித்திருந்தால், அதுவரை பட்டனில் கை வைக்க வேண்டாம்.