இன்போர்டு என்று போட்டிருந்தால் போதுமா?

ஐயம்பேட்டைக்காரர்களுக்குப் படகு என்றால் தெப்பம்தான். பாலாற்றில் தண்ணீரைவிட மணலை அதிகம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ராஜகுளத்துத் தெப்பத்தில் காஞ்சி வரதர் சுற்றி வரும்போது கரையில் நின்று கும்பிடுவதோடு எங்கள் நீர்ப் பயணம் முடிந்துவிடும். அப்படிப்பட்ட தறி வீட்டுப் பிள்ளைகள் இன்று டெக்ஸாஸில் ஃபிரிஸ்கோவிலும் ஆஸ்டினிலும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். லூயிஸ்வில் ஏரியிலோ டிராவிஸ் ஏரியிலோ நண்பர் வீட்டுப் படகில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தால் போதும், பலகையில் நின்று அலையேறிய பையன் மறுநாளே ‘நமக்கும் ஒண்ணு வாங்குப்பா’ என்று ஆரம்பித்துவிடுகிறான். புதுப் படகு ஒரு லட்சம் டாலரை அநாயாசமாகத் தாண்டும். ஆகவே, பழைய படகு.

நம்மவர்கள் பழைய படகையும் பழைய காரைப் பார்க்கிற கண்ணோடுதான் பார்க்கிறார்கள். எந்த வருஷம், எவ்வளவு ஓடியிருக்கிறது, எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு குறைப்பான்? படகின் பின்பக்கத்தில், தண்ணீருக்குள் என்ன சுற்றுகிறது, எங்கே சுற்றுகிறது என்று கேட்பவர் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஏன் என்று புரிய, படகின் பின்னால் ஆடும் விளையாட்டுகளைப் பிரித்தறிய வேண்டும். வேக்போர்டிங், வேக் சர்ஃபிங் இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். வேக்போர்டிங்கில் கால்கள் பலகையோடு கட்டப்பட்டிருக்கும். ஏறத்தாழ 20 மீட்டர் கயிற்றைப் பிடித்தபடி, மணிக்கு 30 முதல் 38 கிலோமீட்டர் வேகத்தில் படகின் பின்னால் போவார்கள். வேக் சர்ஃபிங்கில் கால் கட்டு கிடையாது. எழுவதற்கு மட்டும் ஒரு குட்டைக் கயிறு. எழுந்ததும் அதை விட்டுவிட்டு, படகு எழுப்பும் அலையின் மேலேயே சறுக்க வேண்டும். வேகம் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர்தான். ஆனால் சறுக்குபவர் படகின் பின்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில் இருப்பார். வேகம் குறைவு என்பதால் இதுதான் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. விழும்போது அடி குறைவு, அதுவரை சரி. விழுகிற இடம் எது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அக்கா மகன் ஒருநாள் போன் செய்தான்.

“மாமா, நல்ல படகு ஒண்ணு கிடைச்சிருக்கு. இன்போர்டு வேணும்னு சொன்னீங்கல்ல? விளம்பரத்துல இன்போர்டு, அவுட்போர்டுன்னு தெளிவா போட்டிருக்கான்.”

“ரெண்டும் சேர்த்தா போட்டிருக்கான்?”

“ஆமா. ரெண்டு வசதியும் இருக்கும்போல.”

“வசதி இல்லடா, அங்கதான் வில்லங்கமே.”

‘இன்போர்டு-அவுட்போர்டு’ என்று விற்பனைக்கு வருவது ஸ்டெர்ன்டிரைவ் படகு. இன்ஜின் படகுக்குள் இருக்கும். புரொப்பெல்லர் படகின் பின்சுவரைத் தாண்டி வெளியே தொங்கும். பின்னால் மோட்டாரை மாட்டிய அவுட்போர்டிலும் இதே கதைதான். சர்ஃப் செய்பவர் தடுமாறி முன்பக்கமாக விழுந்தால் சுழலும் இரும்புக்கு நேரே போய் விழுவார். முழு இன்போர்டில் புரொப்பெல்லர் படகின் வயிற்றுக்கு அடியில், சுக்கானுக்கு முன்னால் இருக்கும். இன்ஜின் நடுவில் உள்ள ‘டைரக்ட் டிரைவ்’ ஆனாலும், பின்னால் உள்ள ‘வி-டிரைவ்’ ஆனாலும் இதில் மாற்றம் இல்லை. சர்ஃப் அலைக்குப் பின்புறம் எடை வேண்டும் என்பதால் வி-டிரைவ்தான் தோது. 2015-இல் வால்வோ பென்டா ‘ஃபார்வர்டு டிரைவ்’ கொண்டுவந்தது. அதில் புரொப்பெல்லர்கள் முன்னோக்கித் திரும்பி, படகுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சர்ஃபிங்குக்காகவே வந்த ஏற்பாடு அது.

ஸ்டெர்ன்டிரைவ் மோசமான படகு என்று இதற்குப் பொருள் இல்லை. வேக்போர்டிங்குக்கும், காற்றடைத்த டியூபை இழுப்பதற்கும் அது தாராளமாகப் போதும், விலையும் குறைவு. சர்ஃபிங்குக்கு மட்டும் அது கூடவே கூடாது. ‘மெதுவாத்தானே ஓட்டுறோம், ஜாக்கிரதையா இருப்போம்’ என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. படகைத் தரையில் டிரெய்லரில் நிறுத்தியிருக்கும்போது பின்னால் போய், அந்தப் புரொப்பெல்லருக்கும் நீச்சல் மேடைக்கும் உள்ள இடைவெளியை முழம் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் ஒரு முழம்கூட வராது.

புரொப்பெல்லராவது கண்ணுக்குத் தெரியும். படகின் பின்புறத்தில் இன்னொரு ஆள்கொல்லி இருக்கிறது. அதைச் சுற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். ‘புகை நாற்றம் வந்தால் விலகிக்கொள்ளலாம்’ என்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ‘திறந்தவெளி, காற்று அடிக்கிறது, என்ன ஆகப்போகிறது?’ என்பார்கள். ஓடும் படகின் பின்னால் காற்று சுழன்று, வெளியேறிய புகையையே திரும்ப இழுத்துவரும். மேடையைப் பிடித்துக்கொண்டு படகோடு மிதந்து போகும் விளையாட்டு ஒன்று 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ஏரிகளில் பரவியிருந்தது. வெட்டவெளியிலேயே இளைஞர்கள் மயங்கி மூழ்கினார்கள். நீச்சல் தெரியாமல் மூழ்கியதாகவே முதலில் நினைத்தார்கள். ரத்தத்தைச் சோதித்த பிறகே காரணம் விளங்கியது. கலிபோர்னியா 2004-இல் சட்டம் இயற்றி அந்த விளையாட்டைத் தடை செய்தது.

பழைய படகு வாங்குபவருக்கு இதில் உருப்படியான தகவல் ஒன்று உண்டு. 2010 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் இன்போர்டு, ஸ்டெர்ன்டிரைவ் இன்ஜின்களுக்கு மாசு விதி இறுகியது. காரில் இருப்பதுபோன்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் படகு இன்ஜின்களுக்கும் வந்தது. கார்பன் மோனாக்சைடு வெகுவாகக் குறைந்தது, ஆனால் அறவே போய்விடவில்லை. கையிருப்பு இடம்கொடுத்தால் 2010-க்குப் பிந்தையதைப் பாருங்கள். முந்தையது என்றால், புகையை நீருக்கடியில் இறக்கி விடும் குழாயைப் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். எந்தப் படகானாலும், இன்ஜின் ஓடும்போது மேடையில் யாரும் உட்காரக் கூடாது. காலை நனைத்துக்கொண்டு அங்கே உட்காரத்தான் எல்லோருக்கும் ஆசை, குறிப்பாகக் குழந்தைகளுக்கு.

‘பதினைந்து வருஷப் படகு, ஆனால் 150 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது’ என்றால் நம்மவர்கள் முகம் மலர்ந்துவிடும். வருஷத்துக்குப் பத்து மணி. மீதி நாளெல்லாம் அது என்ன செய்துகொண்டிருந்தது? ஏரி நீரை இழுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் ஒரே நிலையில் வளைந்து இறுகியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தொட்டியில் கிடந்திருக்கும். 600 மணி ஓடி, வருஷாவருஷம் இம்பெல்லரும் ஆயிலும் மாற்றிய ரசீதுகளைக் கோப்பில் வைத்திருப்பவரின் படகை நான் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் வைப்பேன். ஜரிகையை உரைகல்லில் தேய்த்துப் பார்க்காமல் வாய்ச்சொல்லை நம்பி வாங்குவது எங்கள் ஊரில் வழக்கமில்லை; மணி மீட்டரும் ஒரு வாய்ச்சொல்தான்.

உரசிப் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. படகின் அடியில் நீளவாக்கில் தாங்கு சட்டங்கள் ஓடும். இன்ஜினே அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 1990-கள் வரை பல படகுகளில் இவை ஃபைபர் போர்த்திய மரம். திருகாணித் துளை வழியாக நீர் இறங்கினால், வெளியே பளபளப்பாக இருக்க, உள்ளே மரம் சோறாகக் குழைந்துபோகும். இன்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி மெதுவாக இறுக்குங்கள். கொஞ்சம் திரும்பி நின்றால் மரம் திடமாக இருக்கிறது. நிற்காமல் சுற்றிக்கொண்டே போனால் சட்டையை உதறிக்கொண்டு கிளம்பிவிடலாம். இன்னொன்று, நீங்கள் போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் பாதி வண்டவாளம் இருக்கிறது. முன்கூட்டியே ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். ஒரு மெக்கானிக்கை வைத்து சிலிண்டர்களின் கம்ப்ரஷனைப் பார்க்க ஆகும் செலவு, படகு விலையில் தூசு.

‘டெக்ஸாஸ் படகு, பனி கினி எல்லாம் இங்கே ஏது?’ இதைச் சொல்பவர்கள் 2021 பிப்ரவரிக் கடுங்குளிரை மறந்துவிட்டார்கள். குளிர் வரும்போது இன்ஜினுக்குள் தங்கிய நீரை வடித்துவிட வேண்டும். தெற்கே பலர் அந்த வேலைக்குப் பதில் இன்ஜின் அறையில் ஒரு சின்ன ஹீட்டரை வைத்துச் சமாளிப்பார்கள். அந்த வாரம் மின்சாரமே போனது. உறையும் நீர் விரிந்தால் வார்ப்பிரும்பும் வெடிக்கும். அந்தக் குளிரில் படகு எங்கே நின்றது, நீரை வடித்தது யார் என்று கேளுங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது.

அலை பெரிதாக வேண்டும் என்றால் எடை வேண்டும். சர்ஃப் படகுகளில் அதற்கென்றே நீர் நிரப்பும் தொட்டிகள் உண்டு. 900 லிட்டர் நிரப்பினால் 900 கிலோ. ‘எந்தப் படகானாலும் பைகளில் தண்ணீர் நிரப்பி உள்ளே போட்டால் சர்ஃப் படகு ஆகிவிடும்’ என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. 20 அடிக்குக் குறைவான படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று சொல்லும் தகடு சட்டப்படி இருந்தாக வேண்டும். வெளியிலிருந்து போடும் ஒவ்வொரு நீர்ப் பையும் அந்தக் கணக்கிலிருந்து ஆட்களைக் கழிக்கிறது. முன்பக்கம் அதிகமாகத் தாழ்ந்த படகு தன் அலைக்குள் தானே மூக்கை நுழைத்து நீரை அள்ளிவிடும். ஒரு பக்கம் சாய்ந்த படகு என்ன செய்யும் என்பதை நாம் தேக்கடியில் பார்த்திருக்கிறோம். 2009 செப்டம்பர் 30 அன்று, கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது மிகப் பழைய படகும் அல்ல. சர்ஃபிங்கிலோ வேண்டுமென்றே ஒரு பக்கம் எடையைச் சாய்த்து ஓட்டுகிறோம். அதற்கென வடிவமைத்த அடிப்பாகம் இருந்தால் மட்டுமே அந்தச் சாய்வு செல்லும்.

அலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல படகு என்பதும் அரை உண்மை. அந்த அலை கரையைப் போய் அறைகிறது. அடியில் சேற்றைக் கிளறுகிறது. மினசோட்டா பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, சாதாரணப் படகின் அலை 200 அடியில் அடங்கும் அளவுக்குச் சர்ஃப் படகின் அலை அடங்க 500 அடிக்கு மேல் தேவை என்றது. வெர்மான்ட் மாநிலம் 2024-இல் கரையிலிருந்து 500 அடி, ஆழம் 20 அடி என்று விதியே போட்டுவிட்டது. நீங்கள் ஓட்டப்போவது குறுகிய ஏரி என்றால் பிரம்மாண்டமான படகுக்குக் காசைக் கொட்டுவதில் அர்த்தமில்லை.

வீட்டில் நிற்கும் ஒடிஸி, சியன்னா மினிவேன்கள் படகை இழுக்குமா? இழுக்காது. இரண்டின் இழுவை வரம்பும் 3,500 பவுண்டு. 21 அடி வி-டிரைவ் படகு மட்டுமே 4,000 பவுண்டை நெருங்கும். டிரெய்லரும் பெட்ரோலும் சேர்ந்தால் 5,000-ஐத் தாண்டும். படகு வாங்கிய கையோடு லாரி மாதிரி ஒரு பிக்-அப்பையும் வாங்கி, அந்தச் செலவை மனைவியிடம் விளக்கிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

காகிதத்தில் கவனிக்க வேண்டியது அதிகமில்லை. பின்சுவரின் வலப்பக்கத்தில் 12 எழுத்துள்ள அடையாள எண் பொறித்திருக்கும். கடைசி நான்கு ‘எச்809’ என்று முடிந்தால், 2008 ஆகஸ்டில் கட்டிய 2009 மாடல் என்று பொருள். விற்பவர் சொல்லும் வருஷமும், உரிமைப் பத்திரத்திலுள்ள எண்ணும் இதோடு பொருந்த வேண்டும். கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எடைத் தொட்டிகளில் பழைய நீர் தேங்கியிருந்தால் ஒட்ட வடிக்கச் சொல்லுங்கள். 2009-இல் டெக்ஸோமா ஏரியில் தலைகாட்டிய ‘ஸீப்ரா மஸல்’ என்னும் வரிச்சிப்பி இப்படி ஏரிவிட்டு ஏரி தாவித்தான் பரவுகிறது. ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகு நீரை வடித்துவிடுவது டெக்ஸாஸில் சட்டம்.

கடைசியாக, இலவசமாக வரும் லைஃப் ஜாக்கெட்டுகள். பழைய படகின் இருக்கைக்கு அடியில் நாலைந்து கிடக்கும். விற்பவர் தாராளமாகத் தந்துவிடுவார். உள்பக்கச் சீட்டைப் படியுங்கள். கடலோரக் காவல்படையின் ஒப்புதல் இல்லாத, போட்டியாளர்களுக்கான மெல்லிய ஜாக்கெட்டுகள் அவற்றில் கலந்திருக்கும். அடி படாமல் காப்பதுதான் அவற்றின் வேலை. மிதக்க வைக்கும் என்று நம்ப முடியாது. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஓடும் படகில் ஜாக்கெட் அணிந்தே ஆக வேண்டும் என்கிறது டெக்ஸாஸ் சட்டம். பெரியவர்களை அது அவ்வளவு வற்புறுத்துவதில்லை. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களில் நீச்சல் தெரிந்தவர் எத்தனை பேர்? 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போன குடும்பத்தார் 22 பேர் மாண்டார்கள். அவர்களிடம் ஜாக்கெட் இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கும், அவர் எடைக்கும் உடம்பு அளவுக்கும் பொருந்துகிற மாதிரி, கடையில் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் அந்தப் புது ஜாக்கெட்டுகளோடு போங்கள். எடைத் தொட்டிகளை முழுக்க நிரப்பச் சொல்லி, வீட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு சர்ஃப் வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள்; வெப்பமானியில் கண் இருக்கட்டும். ஓட்டுநர் தவறி நீரில் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் கயிறு ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கும். அதை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். இன்ஜின் அந்தக் கணமே அணைய வேண்டும். அணையவில்லை என்றால், சுவிட்சை அவர் சரிசெய்து கொடுத்த பிறகு மீதிப் பேச்சு.